நடுவில் இறங்கி ஏறலாம்

ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பலகை மாட்டியிருக்கும். ஊர்ப்பெயர், எத்தனை மைல், மூன்றாம் வகுப்புக்கு என்ன கட்டணம் என்று வெள்ளை எழுத்தில் வரிவரியாக எழுதியிருக்கும். பதினோரு வயதில், அப்பா கொடுத்த கடிதத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் பலகைக்கு முன்னால் நுனிக்காலில் நின்றபோதுதான் எனக்கு அது பொறி தட்டினாற்போல் பட்டது. எல்லா மைலும் ஒரே விலை இல்லை!

விளையாட்டாகத்தான் மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். பக்கத்து ஸ்டேஷன் வாளாடிக்கு ஒரு மைல் என்ன விலையோ, அதைவிட மெட்ராஸுக்கு ஒரு மைல் மலிவு. தூரம் கூடக்கூட மைலின் விலை இறங்குகிறது. கத்தரிக்காயை வீசைக் கணக்கில் வாங்கினால் கடைக்காரர் கொஞ்சம் தள்ளிக் கொடுப்பாரில்லையா, ரயில்காரனும் மைலை மொத்தமாக வாங்குகிறவனுக்குத் தள்ளித்தான் கொடுக்கிறான். அப்படியானால் காசி வரைக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்கினால்?

மெட்ராஸ் வண்டி வந்து நின்றது. வண்டியில் தபால் கொண்டுபோகும் பெட்டியின் பக்கவாட்டில் கடிதம் போடும் வாய் இருக்கும், உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். அவசரக் கடிதம் என்றால் தெருமுனைப் பெட்டியை நம்பாமல் நேரே வண்டியிலேயே போட்டுவிட்டு வருவோம். என் கையில் இருந்த கடிதம் அப்படித்தான் போக வேண்டியது. நான் போடவில்லை. வண்டி கிளம்பி, கடைசிப் பெட்டியும் போய், தண்டவாளத்தின் நடுவே ஒரு நாய் வந்து படுத்துக்கொள்ளும்வரை அப்படியே நின்றேன்.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அப்பா சொல்லச் சொல்ல அக்காவே இங்கிலீஷில் எழுதியது. "தாங்கள் அன்புடன் அளித்த இடத்தைக் குடும்ப நிலைமை காரணமாக ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன்." தன் கழுத்துக்குத் தானே கயிறு முறுக்குகிற மாதிரி, ஒரு பிழை இல்லாமல் எழுதியிருந்தாள்.

அக்கா டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் காலேஜில் கணக்கு எடுத்து முதலாவதாகத் தேறியவள். காசியில் ஒரு கல்லூரி அவளுக்கு மேல்படிப்புக்கு இலவச இடமும், தங்க இடமும், சாப்பாடும் தருவதாக எழுதியிருந்தது. ஒரே நிபந்தனைதான்: சொன்ன தேதிக்குள் நேரில் வந்து சேர வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்கு. அதற்கு மூன்று வாரம்கூட இல்லை. அந்தக் காலத்தில் பெண்ணைத் தனியாக அனுப்புவது பேச்சுக்கே இல்லை. அப்பா கூடப் போய்விட்டுத் திரும்பி வர வேண்டும்.

பெரியப்பாதான் தீர்ப்பு சொன்னார். எங்கள் வீட்டில் வடக்கே போய் வந்தவர் அவர் ஒருத்தர்தான். கங்கை ஜலம் அடைத்த காசிச் சொம்பு அவர் வீட்டுப் பூஜை உள்ளில் மெழுகு முத்திரையோடு இருந்தது. அதனால் விந்திய மலைக்கு வடக்கே எது நடந்தாலும் அவர் வாக்கே வாக்கு.

"ஸ்ரீரங்கத்துலேர்ந்து மெட்ராஸ் ஒரு டிக்கெட். அங்கேர்ந்து இடார்சி ஒண்ணு. இடார்சியிலேர்ந்து காசிக்கு ஒண்ணு. உனக்கும் அவளுக்குமா ஆறு, நீ திரும்பறச்சே மூணு. ஒன்பது டிக்கெட்டுடா! ஹைஸ்கூல் குமாஸ்தா சம்பளத்துல ஆகற காரியமா இது?"

"ஒரேயடியா ஒரு டிக்கெட்டா கொடுக்க மாட்டானோ?" என்று அப்பா இழுத்தார்.

"கொடுப்பான். எக்மோர் வாசல்ல பிடுங்கிண்டுடுவான். அப்புறம் சென்ட்ரல்ல மறுபடி அழணும். நான் பட்டவன் சொல்றேன், கேளு."

பெரியப்பா சொன்ன தொகைக்கும் அப்பாவின் கைக்கும் நடுவே இருபது ரூபாய்ச் சொச்சம் பள்ளம். அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல்தான் அந்தக் கடிதம்.

வீட்டுக்கு ஓடிவந்து கடிதத்தை அப்பாவிடம் நீட்டினேன்.

"போடலையா? வண்டி போயிடுத்தா?"

"வண்டி வந்தது. நான்தான் போடலை."

அப்பா கை ஓங்குகிற மனுஷர் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், அவ்வளவுதான். அதுவே எனக்கு அடி மாதிரி. மூச்சிறைக்க மைல் விலையைச் சொன்னேன். கத்தரிக்காயையும் சொன்னேன். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, "இவளை ஸ்டேஷனுக்கு அனுப்பினா மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்திருக்கா" என்றாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"குட்டி, வாளாடிக்கு எத்தனை மைல்னு போட்டிருந்தது? மறுபடி சொல்லு."

மறுநாளே அக்காவும் நானும் டிக்கெட் சாரிடம் போனோம். டிக்கெட் சார் பாலக்கரைக்காரர். ஞாயிற்றுக்கிழமையானால் மாதா கோயிலில் காலைப் பூசைக்குப் போய்விட்டு, நெற்றியில் எண்ணெய் மினுமினுக்கத்தான் ட்யூட்டிக்கு வருவார். அவர் மேஜையில் செங்கல் கனத்துக்கு ஒரு ரயில்வே கைடு கிடந்தது. அட்டை கிழிந்தது. பழைய வருஷத்தது. பக்கத்தைப் புரட்டினால் கரிப்புகையும் பசையும் கலந்து ஒரு வாசனை வரும். எனக்கு இன்றைக்கும் அதுதான் பிரயாணத்தின் வாசனை. இப்போது பேரன் கைபேசியில் விரலால் தள்ளித் தள்ளி நாலு நிமிஷத்தில் டிக்கெட் எடுக்கிறான். கெட்டிக்காரன்தான். ஆனால் மைல் அவன் விரலில் ஒட்டுவதில்லை.

"பாப்பா, அது பழசு. புதுசு ஆபீசுக்கு வேணும். இதை வேணா எடுத்துட்டுப் போயி பாத்துட்டுக் குடுங்க," என்றார் டிக்கெட் சார்.

மூன்று நாள் அந்தப் புத்தகமும் நாங்களும்தான். பொடி எழுத்தில் இருந்த இங்கிலீஷ் விதிகளை அக்கா பென்சிலை ஓட்டிக்கொண்டே படித்து எனக்குத் தமிழில் சொல்வாள். நான் மைலைக் கூட்டுவேன். பெஸ்வாடா, காசிப்பேட்டை, நாகபுரி, இடார்சி, ஜபல்பூர், அலகாபாத். ஊர்ப்பெயரைச் சொல்லிச் சொல்லியே நாக்கு இனித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா திடீரென்று என் சடையைப் பிடித்து இழுத்தாள்.

"இங்கே பாருடி! தூர டிக்கெட்டானா நடுவுல இறங்கி ஏறலாம். இத்தனை மைலுக்கு ஒரு நாள்னு தங்கக்கூடத் தங்கலாம். டிக்கெட்டை மட்டும் கையை விட்டுக் கொடுக்கப்படாது. எக்மோர்ல இறங்கி சென்ட்ரல்ல ஏறறதுக்கும் அதே டிக்கெட்தான்."

"அப்போ பெரியப்பா சொன்னது?"

"பெரியப்பா சொன்னதைப் பெரியப்பாவே வெச்சுக்கட்டும்."

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஜன்னலில் நிறுத்தினோம். காசிக்கு நேர் டிக்கெட் என்றதும் டிக்கெட் சார் முகம் சுண்டிப்போயிற்று. மெட்ராஸ் என்றால் அட்டை டிக்கெட்டை எடுத்து ஒரு குத்துக் குத்திக் கொடுத்துவிடலாம். காசிக்கு அட்டை கிடையாது. நீளக் காகிதத்தில் கார்பன் வைத்து, வழி எல்லாம் எழுதி, மைல் கூட்டி, கட்டணம் பார்த்து, கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"சார், எழுதற டிக்கெட் கேக்குறீங்க. அரை நாள் வேலைங்க. யாத்திரைக்குப் போறவங்களே மெட்ராஸ் வரைக்கும் வாங்கிட்டுப் போயிடுறாங்க."

நான் என் கணக்குத்தாளை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். தன் புத்தகத்தை எடுத்தார். ஒவ்வொரு ஊருக்கும் பென்சில் நின்று நின்று இறங்கியது. கடைசியில், "ஒரு மைல் கூடுதலா இருக்கே?" என்றார்.

"எக்மோருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவுல ஒரு மைல் இருக்குமேன்னு போட்டேன்."

"அது ஜட்காக்காரன் மைல் பாப்பா, ரயில்வே மைல் இல்ல!" என்று அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டரே எட்டிப் பார்த்தார். "மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு சார். யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான் சொல்லிக் கொடுக்கலை," என்றார் அப்பா. இப்போது எழுதும்போதும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. பெருமையடித்துக்கொள்கிறேன் என்று நினைப்பீர்கள். அடித்துக்கொள்கிறேன்தான். நம் வயசில் அதற்கு யார் அனுமதி வாங்குவது?

பெரியப்பா சொன்ன தொகையைவிட ஒரே டிக்கெட்டின் கட்டணம் எவ்வளவோ இறங்கி வந்தது. இருபது ரூபாய்ப் பள்ளம் மூடியது. நான் போடாமல் கொண்டுவந்த கடிதத்தை அக்காவே கிழித்து அடுப்பில் போட்டாள்.

அதோடு முடிந்ததென்று நினைத்தால், வண்டியில் இடம் கிடைக்கவில்லை.

டிக்கெட் இருந்தால் போதாது. மெட்ராஸிலிருந்து டில்லி போகும் வண்டியில் முன்கூட்டி இடம் பிடிக்காவிட்டால், இரண்டு ராத்திரி கக்கூஸ் வாசலில் நின்றுகொண்டு போக வேண்டியதுதான். ஸ்ரீரங்கத்திலிருந்து தந்தியில் கேட்பார்கள், அங்கிருந்து பதில் வரும். வெள்ளிக்கிழமைக்குக் கேட்டார்கள், இல்லை. ஞாயிறு, இல்லை. திங்கள், இல்லை. கல்யாண மாசம், பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வேறு. அக்கா முகம் மறுபடி பழையபடி ஆயிற்று.

"செவ்வாய், புதன் கேக்கவே இல்லையே?" என்று நான் டிக்கெட் சாரைக் கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க வீட்டுல ஒத்துக்குவாங்களா பாப்பா? செவ்வா, புதன் வடக்கே சூலம்ங்க. இந்த ஊர்ல ஒருத்தர் வடக்கே டிக்கெட் கேக்க மாட்டாங்க. உங்க பஞ்சாங்கந்தான் எனக்கு வாரத்துல ரெண்டு நாள் ஓய்வு குடுக்குது."

புதன்கிழமைக்குத் தந்தி அடித்தார். அன்று சாயங்காலமே பதில்: இரண்டு இடம் உண்டு. சூலம் மெட்ராஸ்காரர்களுக்கும் சூலம்தான் போலிருக்கிறது! புதன்கிழமை சென்ட்ரலில் ஏற வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். அன்றைக்கு அஷ்டமி வேறு.

வீட்டில் இடி விழுந்தது.

"செவ்வாக்கிழமை, அஷ்டமி, வடக்கே சூலம்," என்று அம்மா ஒவ்வொன்றாக விரலை மடக்கினாள். "இன்னும் ஒரு விரல் பாக்கி இருக்கு. அதுக்கும் ஏதாவது கொண்டு வாடி."

"ராகு காலம் மூணுலேர்ந்து நாலரை," என்றேன். "வண்டி நாலு நாப்பதுக்குத்தான். அது இடிக்கலை."

"வாயைப் பாரு!"

அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அக்காவின் காசி அதோடு சரி. நான் கண்ணை மூடிக்கொண்டு, படித்த விதிகளையெல்லாம் மனசுக்குள் ஓட்டினேன். நடுவில் இறங்கலாம். தங்கலாம். மறுபடி ஏறலாம். பிரயாணம் ஒன்றுதான், டிக்கெட் ஒன்றுதான். சட்டென்று கண்ணைத் திறந்தேன்.

"அம்மா, பரஸ்தானம்!"

மறந்துபோனவர்களுக்காகச் சொல்கிறேன். கிளம்ப வேண்டிய நாள் நன்றாக இல்லையென்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், துணிமணி மூட்டை ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. மூட்டை கிளம்பினால் ஆள் கிளம்பின மாதிரி. அப்புறம் எந்த நாளில் வேண்டுமானாலும் போய் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு மேலே போகலாம். ஒரே நிபந்தனை, கிளம்பின மூட்டை திரும்ப வீட்டுக்கு வரக் கூடாது, வழியில் பிரிக்கவும் கூடாது.

"திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு மேல நல்ல நேரம். திங்கக்கிழமை வடக்கே சூலம் கிடையாது. மூட்டை கிளம்பிடட்டும். செவ்வாக்கிழமை கிளம்பறது புதுப் பிரயாணம் இல்லை, நடுவுல இறங்கி ஏறறது."

அப்பா பஞ்சாங்கத்தை மூடிவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா மடக்கிய விரல்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

திங்கட்கிழமை அம்மாவே மூட்டை கட்டினாள். அக்காவின் புடவை, அப்பாவின் வேஷ்டி, மஞ்சள் தடவிய காகிதத்தில் துளசி. அப்புறம் ஏதோ யோசித்து, "எது முக்கியமோ அதுன்னா முதல்ல கிளம்பணும்," என்று கல்லூரிக் கடிதத்தையும், மார்க்குச் சான்றிதழையும், அந்த நீளக் காகித டிக்கெட்டையும் புடவை மடிப்புக்குள் வைத்து முடிச்சுப் போட்டாள். எங்கள் வீடு கோயிலுக்குத் தெற்கே. மூட்டை போன வீடு கோயிலுக்கு வடக்கே, வடக்குச் சித்திரை வீதியில், என் வகுப்புத் தோழியின் வீடு. தோழியின் அம்மா ஆசார அனுஷ்டானத்தில் எங்கள் அம்மாவைத் தூக்கிச் சாப்பிட்டவள். மூட்டையை வாங்கி ரேழியில் கோலம் போட்ட பலகை மேல் பெருமாளை எழுந்தருளப் பண்ணுவது மாதிரி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஏற்பாடு இதுதான். அப்பாவும் அக்காவும் அம்மாவும் மூன்றுக்கு முன்னால் வீட்டை விட்டு இறங்கி ஸ்டேஷனுக்குப் போய்விடுவது. நான் மூன்றுக்கு முன்னால் அந்த மாமி வீட்டுக்குப் போய் மூட்டையை வாங்கிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு வருவது.

தப்பு என்னுடையது. அப்பாவுக்கு வழிக்குறிப்பு ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். எந்த ஊரில் எத்தனை மணிக்கு வண்டி நிற்கும், எங்கே மாற வேண்டும் என்று. எழுதியது போதாதென்று மாறும் ஊர்களுக்கெல்லாம் சிவப்புப் பென்சிலில் கட்டம் போட்டேன். "எக்மோர் வாசலில் டிக்கெட்டைக் காட்டணும், கொடுக்கப்படாது" என்பதற்கு மட்டும் மூன்று அடிக்கோடு. கட்டம் கோணிற்று, அழித்து மறுபடி போட்டேன். நான் மாமி வீட்டு வாசலில் கால் வைத்தபோது உள்ளே சுவர்க்கடிகாரம் மூன்று அடித்து ஓய்ந்திருந்தது.

"அடியே, ராகு காலம் பொறந்தாச்சே," என்றாள் மாமி. "உக்காரு. நாலரைக்கு எடுத்துண்டு போகலாம்."

"வண்டி நாலு நாப்பதுக்கு மாமி!"

"அதுக்கு நான் என்ன பண்றது? என்னாத்து வாசல்லேர்ந்து ராகு காலத்துல ஒரு பிரயாணம் கிளம்பித்துன்னா, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான்னா பொறுப்பு?"

மூட்டை கண்ணெதிரே பலகை மேல் இருக்கிறது. டிக்கெட் அதற்குள். கடிதம் அதற்குள். நாலரைக்கு எடுத்து, கோயிலைச் சுற்றி ஸ்டேஷன் வரைக்கும் பத்து நிமிஷத்தில் ஓட என்னால் முடியாது. வண்டி போய்விடும். புதன்கிழமை இடம் போய்விடும். தேதி போய்விடும். அக்கா போக மாட்டாள். மூட்டைக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"மாமி, பிரயாணம் உங்காத்துலேர்ந்து கிளம்பலையே. நேத்திக்கே எங்காத்துலேர்ந்து கிளம்பியாச்சே."

"கிளம்பினது சரி..."

"இது நடுவழி. விழுப்புரத்துல வண்டி நிக்கறப்போ ராகு காலம் வந்தா, நாலரை வரைக்கும் எடுக்கப்படாதுன்னு வண்டியை நிறுத்தி வெக்கறாளா?"

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வண்டியும் மூட்டையும் ஒண்ணா?"

"ஒண்ணுதான் மாமி. நடுவுல இறங்கலாம், தங்கலாம், ஏறலாம். டிக்கெட்லயே அப்படித்தான்."

"எங்கே, டிக்கெட்டைக் காட்டு பாப்போம்."

"மூட்டைக்குள்ள இருக்கு."

"மூட்டையைப் பிரிக்கப்படாதே!"

"அதான் மாமி!"

எது 'அதான்' என்று எனக்கே தெரியாது. ஆனால் மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் உள்ளே போய் ஒரு தம்ளர் பால் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "வடக்குச் சூலத்துக்குப் பால்தான் பரிகாரம். குடி. நான் இப்போ கொல்லைப்பக்கம் போறேன். நான் எடுத்துக் கொடுக்கலை. நீயும் என்னைக் கேக்கலை. ஆனா ஒண்ணு, உன் அக்கா படிச்சு முடிச்சு வரச்சே முதல்ல இந்த ஆத்துக்கு வரணும்னு சொல்லு."

பால் தொண்டையைச் சுட்டது. ஒரே மடக்கில் குடித்தேன்.

மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நான் ஓடின ஓட்டம் எனக்குத்தான் தெரியும். கீழச் சித்திரை வீதி மணல் காலைப் பொரித்தது. ஸ்டேஷனில் அப்பா பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். அக்கா டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள். மூட்டையை வாங்கி மடியில் வைத்து, முடிச்சு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள்.

பதினெட்டு நாள் கழித்து அப்பா தனியாகத் திரும்பி வந்தார். திரும்புகாலிலும் ஒரே டிக்கெட்தான், காசியிலேயே கேட்டு எழுதி வாங்கியிருந்தார். அக்கா சேர்ந்தாயிற்று. தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அறையில் கூட இருக்கும் வங்காளத்துப் பெண் மீன் சாப்பிடுகிறவளாம், அக்கா அதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றாளாம், அப்பா வந்ததும் முதல் காரியமாக அதைத்தான் அம்மாவிடம் சொன்னார்.

பெரியப்பா அன்று சாயங்காலமே வந்தார். கங்கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அக்காவைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. உட்கார்ந்ததும், "எக்மோர் வாசல்ல டிக்கெட் கேட்டானோ?" என்றார்.

"கேட்டான். கையை நீட்டினான். காட்டினேன். பாத்துட்டு, சென்ட்ரலுக்குப் போங்கோன்னு திருப்பிக் கொடுத்துட்டான்."

"திருப்பிக் கொடுத்துட்டானா?"

"கொடுத்துட்டான்."

பெரியப்பா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அம்மா கொடுத்த காபியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். தோற்றுப்போன கோபம் என்று நினைத்து அன்றைக்கு நான் உள்ளுக்குள் குதித்தேன். எத்தனையோ வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அவர் கையிலும் ஒரு நாள் அந்த நீளக் காகிதம் இருந்திருக்க வேண்டும். வாசலில் ஒருத்தன் கையை நீட்டியதும், எல்லாரும் கொடுக்கிறார்களே என்று கொடுத்துவிட்டு, சென்ட்ரலில் நின்று மறுபடி வாங்கியிருக்கிறார். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, ரயில்வேயின் விதியே அதுதான் என்று எங்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு இப்போது மனசு வரவில்லை. நீட்டிய கையில் எதையாவது கொடுத்துவிடுகிற மனுஷர் அவர்.

அன்றைக்கு விளக்கு வைத்த பிறகு, அப்பா அக்காவின் அறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஜன்னல் எந்தப் பக்கம், விளக்கு எப்படி, காலையில் எத்தனை மணிக்கு மணி அடிப்பார்கள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா தூங்கப் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏண்டி, அந்தப் புஸ்தகம் இன்னும் உன்கிட்டத்தான் இருக்கா?"

"இருக்கு. டிக்கெட் சார் வெச்சுக்கச் சொல்லிட்டார்."

"அதுல ஒண்ணு பாத்துச் சொல்லு. போன வழியாவேதான் திரும்பி வரணும்னு சட்டம் உண்டா?"

அம்மா பிறந்தது கும்பகோணத்தில், வாழ்க்கைப்பட்டது ஸ்ரீரங்கத்தில். அதற்கு அப்பால் அவள் மெட்ராஸைக்கூடப் பார்த்ததில்லை. நான் கைடைக் கொண்டுவந்து நடுவே மடித்து வைத்திருக்கும் பெரிய வரைபடத்தைத் தரையில் விரித்தேன். மடிப்பில் கிழிந்த இடத்தை முழங்காலால் அழுத்திக்கொண்டேன். சுற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கென்று தனி டிக்கெட் உண்டு, ஒரு வழியாகப் போய் இன்னொரு வழியாக வரலாம், அக்கா ஊரில் இருந்தபோதே அந்தப் பக்கத்தைப் படித்துச் சொல்லியிருந்தாள். எத்தனை மைல், எவ்வளவு குறையும் என்பதெல்லாம் இனிமேல்தான் பார்க்க வேண்டும். மார்கழி விடுமுறைக்கு இன்னும் ஆறு மாசம் இருந்தது.

"இது நாகபுரி வழி, இதுலதான் அப்பா போனார்," என்று விரலை ஓட்டிக் காசியில் நிறுத்தினேன். "திரும்பறதுக்கு இப்படி வரலாம், இல்லேன்னா இப்படி."

அம்மா வரைபடத்தின் மேல் குனிந்தாள். மூக்குத்தி விளக்கு வெளிச்சத்தில் மினுக்கியது. ஈரம் காயாத விரலைக் காசியிலிருந்து கிழக்கே நகர்த்தி, கல்கத்தாவில் ஒரு நிமிஷம் வைத்திருந்து, அங்கிருந்து கடலோரமாகவே கீழே இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இந்த வழி," என்றாள். "நாளைக்குக் காலம்பற முதல் காரியமா மைலைக் கூட்டிப் பாரு."